காற்றை உரசிப் பார்த்தவர்கள்

போகிப் பண்டிகைக்கு முன் வீட்டில் ஒட்டடை அடிக்கும்போது, மின்விசிறியைத் துடைக்கும் வேலை உங்கள் தலையில் விழுந்ததுண்டா? ஸ்டூல் மீது ஏறி இறக்கையைத் தொட்டுப் பாருங்கள், விரல் கறுத்துவிடும். அவ்வளவு தூசி. இதில் ஒரு விந்தை இருக்கிறது. வீடுகளில் உள்ள கூரை விசிறியின் வீச்சு பெரும்பாலும் 1200 மில்லிமீட்டர். முழு வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 350 சுற்று சுற்றும். இறக்கையின் நுனி என்ன வேகத்தில் போகிறது என்று நீங்களே கணக்குப் போடலாம். விட்டத்தை 3.14 ஆல் பெருக்கி, 350 ஆல் பெருக்கி, 60 ஆல் வகுத்தால் நொடிக்கு 22 மீட்டர் வரும். அதாவது மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் விரையும் பேருந்தின் வேகம்! அந்த வேகத்தில் போகும் பேருந்தின் ஜன்னலுக்கு வெளியே ஒரு பிடி மாவை நீட்டினால் என்ன ஆகும்? விசிறி இறக்கையின் மீதோ, ஆண்டு முழுவதும் அந்தக் காற்று அடித்தும், தூசி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

தூசி ஒட்டிக்கொள்வதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் ஒட்டியதைக் காற்று ஏன் அடித்துச் செல்லவில்லை என்பதே நம் கேள்வி. இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் அது விமானப் பொறியியலின் உச்சி வரை நம்மை அழைத்துச் செல்லும்.

சென்ற ஆண்டு ஒரு பள்ளியில் அறிவியல் நாள் விழாவுக்குப் பேசப் போயிருந்தேன். பிளஸ் ஒன் படிக்கும் மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "விமானம்தான் ஏற்கெனவே நன்றாகப் பறக்கிறதே சார். இனிமேல் அதில் எம்.டெக்., பிஎச்.டி. என்று படிப்பதற்கு என்ன இருக்கிறது?" மண்டபமே சிரித்தது. நான் ஏதோ பதில் சொன்னேன். ஆனால் பேருந்தில் திரும்பி வரும்போது, நான் சொன்னது பதிலே இல்லை என்று தோன்றியது. மிக நியாயமான கேள்வி அது. இப்போது ஒழுங்காகப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் தூசியை முடித்துவிடுவோம். மழைக்குப் பின் வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது ஒரு கைப்பிடி மரத்தூளைக் குறுக்கே தூவிப் பாருங்கள். நடுவில் விழுந்த தூள் ஓடிவிடும். கரையோரம் விழுந்தது மெல்ல ஊரும். கரையைத் தொட்டுக்கொண்டிருப்பது நகரவே நகராது. எந்தப் பாய்மமும், அது நீரானாலும் காற்றானாலும், திடப்பொருளைத் தொடும் இடத்தில் அதோடு ஒட்டி நின்றுவிடுகிறது. அதற்கு மேலே உள்ள அடுக்கு சற்று நகர்கிறது. அதற்கும் மேலே உள்ளது இன்னும் சற்று வேகமாக. இப்படி, சிறிது உயரத்துக்குள் முழு வேகம் வந்துவிடுகிறது. வேகம் பூஜ்யத்திலிருந்து முழு அளவுக்கு உயரும் இந்த மெல்லிய பகுதிக்கு எல்லைப் படலம் என்று பெயர். நம் விசிறி இறக்கையில் இதன் தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இராது. தூசித் துகளோ அதைவிடப் பன்மடங்கு சிறியது. புயலின் அடியில், காற்றே ஓடாத தரைமட்டத்தில் அது பத்திரமாகப் படுத்திருக்கிறது.

இந்தப் படலத்தின் முக்கியத்துவத்தை உலகுக்குச் சொன்னவர் லுட்விக் பிராண்டில் என்ற ஜெர்மானியர். 1904 இல் ஹைடல்பர்க் நகரில் நடந்த கணித மாநாட்டில், தம் 29 ஆம் வயதில், ஒரு சிறு கட்டுரை படித்தார். காற்றின் பாகுநிலை மிகக் குறைவு. ஆகவே அதைக் கணக்கில் சேர்க்காமலே விட்டுவிடலாம் என்று கணித மேதைகள் நினைத்திருந்தார்கள். அப்படி விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், காற்றில் சீராகச் செல்லும் பொருளுக்கு எதிர்ப்பே இல்லை என்று விடை வந்தது! சைக்கிளில் எதிர்காற்றில் போன எந்தப் பையனும் இதை ஒப்புக்கொள்ள மாட்டான். பாகுநிலையை எல்லா இடத்திலும் விட்டுவிடலாம், ஆனால் பரப்பை ஒட்டிய மெல்லிய படலத்தில் மட்டும் விடவே கூடாது என்றார் பிராண்டில். விமானவியல் ஓர் அறிவியலாக நிமிர்ந்து நின்றது அதற்குப் பிறகுதான்.

பிராண்டிலிடம் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த ஒரு மாணவர், பால் ஹைன்ரிஷ் பிளாசியஸ். தட்டையான ஒரு தகட்டின் மீது காற்று சீராக ஓடினால் எல்லைப் படலம் எப்படி வளரும், தகட்டை அது எவ்வளவு விசையோடு இழுக்கும் என்பதை அவர் கணக்கிட்டார். அந்த ஆராய்ச்சி 1908 இல் வெளிவந்தது. இன்றும் உலகில் எங்கே விமானப் பொறியியல் படித்தாலும் அந்தக் கணக்கைத் தாண்டாமல் போக முடியாது. பிளாசியஸ் பின்னாளில் ஆராய்ச்சியை விட்டுவிட்டு, ஹாம்பர்க்கில் ஒரு பொறியியல் பள்ளியில் ஆசிரியராகப் பல்லாண்டு பணிபுரிந்தார். அதனால் எனக்கு அவர்மீது தனிப் பிரியம் உண்டு என்பதை மறைப்பானேன்?

அரிசி மணியின் ஐந்தில் ஒரு பங்கு

பிளாசியஸ் தந்த சூத்திரத்தை நம் விசிறி இறக்கைக்குப் போட்டுப் பார்த்தேன். இறக்கையைத் தட்டையான தகடு என்றே வைத்துக்கொள்வோம். காற்றின் வேகம் நொடிக்கு 20 மீட்டர். முன்விளிம்பிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி ஓர் இடம். அங்கே ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பைக் காற்று உரசி இழுக்கும் விசை, ஏறத்தாழ நாலரை மில்லிகிராம் எடைக்குச் சமம். ஓர் அரிசி மணியின் எடை சுமார் 20 மில்லிகிராம் இருக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றே கூடுதல், அவ்வளவுதான்.

"இவ்வளவு சிறியதா? போகட்டும், விட்டுவிடலாமே" என்பீர்கள். விமானத்தில் எத்தனை சதுர சென்டிமீட்டர் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்! இறக்கை, உடல், வால் என்று எல்லாப் பரப்பிலும் இந்த உராய்வு உண்டு; வேகம் கூடக் கூட அதுவும் ஏறும். பெரிய பயணிகள் ஜெட் விமானம் உயரே சீரான வேகத்தில் பறக்கும்போது, அதைப் பின்னுக்கு இழுக்கும் விசையில் ஏறத்தாழ பாதி இந்த மேற்பரப்பு உராய்வுதான். எரிபொருளில் அத்தனை பங்கு காற்றை உரசுவதற்கே செலவாகிறது என்று பொருள். இதைச் சிறிதளவு குறைத்தாலும் லாபம் ஏராளம். ஆனால் குறைப்பதற்கு முன் அளக்க வேண்டும் அல்லவா? அங்கேதான் நம் கதாநாயகர் வருகிறார்.

சதீஷ் தவான் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்கு 2002 இல் அவர் பெயரைத்தான் சூட்டினார்கள். 1972 முதல் 1984 வரை இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவர். 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்தபோது பத்திரிகையாளர்களின் கேள்விகளுக்குத் தாமே பதில் சொல்லிவிட்டு, 1980 ஜூலையில் அது வெற்றி பெற்றபோது அப்துல் கலாமைப் பேச அனுப்பினார் என்ற கதையைக் கலாமே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அது எல்லோரும் அறிந்த கதை. நான் சொல்ல வருவது அதற்கு முப்பது ஆண்டுகள் முந்தியது. அவர் மாணவராக இருந்த காலம்.

தவான் 1920 இல் ஸ்ரீநகரில் பிறந்தவர். லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் படித்தார். அவர் வாங்கிய பட்டங்களைக் கேளுங்கள்: கணிதமும் இயற்பியலும் சேர்ந்த பி.ஏ., ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ., அதன் பிறகு இயந்திரப் பொறியியலில் பி.இ. பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் சில காலம் பணி. பிறகு அமெரிக்கா சென்று மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1947 இல் எம்.எஸ். பட்டம் பெற்றார். அங்கிருந்து கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம்; ஆய்வு வழிகாட்டி ஹான்ஸ் லீப்மன் என்ற பேராசிரியர். 'ஒருவன் ஒரே பாதையில்தான் போக வேண்டும், பிளஸ் டூவில் எடுத்ததுதான் கடைசி வரை' என்று உங்களைப் பயமுறுத்துகிறவர்களுக்கு இந்தப் பட்டியலைக் காட்டுங்கள்.

லீப்மனிடம் தவான் எடுத்துக்கொண்ட பிரச்சினை, கேட்பதற்கு மிகச் சாதாரணமானது: ஒரு பரப்பின் மீது காற்று உரசும் விசையை நேரடியாக அளப்பது. அதுவரை பெரும்பாலும் சுற்றுவழியில்தான் அதைக் கண்டார்கள். மெல்லிய குழாய்களை வைத்து எல்லைப் படலத்தின் ஒவ்வொரு உயரத்திலும் வேகத்தை அளந்து, அதிலிருந்து உராய்வைக் கணக்கிடுவார்கள். ஒலியின் வேகத்தை நெருங்கினால் படலமோ மிக மெல்லியது; அதற்குள் குழாயை நுழைப்பதே அதைக் கலைத்துவிடும்.

தவானின் முறையைச் சொல்கிறேன். வழவழப்பான தகட்டில் ஒரு சிறு துண்டை மட்டும் வெட்டி எடுத்துவிட வேண்டும். அதே இடத்தில் அதே அளவு துண்டை, சுற்றிலும் மயிரிழை இடைவெளி விட்டு, வளையக்கூடிய மெல்லிய கால்களின் மீது பொருத்த வேண்டும். தகடு அசையாது, ஆனால் காற்று உரசும்போது அந்தத் துண்டு மட்டும் இம்மியளவு நகரும். அந்த நகர்வை மின்சாரக் குறிப்பாக மாற்றிப் படித்தால் விசை தெரிந்துவிடும். தராசுதான், நிறுக்கும் பொருள் மட்டும் காற்றின் உராய்வு.

கேட்க எளிது. செய்வதில் உள்ள தொல்லையைப் பாருங்கள். துண்டு தகட்டின் மட்டத்துக்கு மேலே மயிரிழை தூக்கி நின்றாலும் போதும். காற்று அதன் விளிம்பில் மோதித் தள்ளும். அந்தத் தள்ளல் நாம் தேடும் உராய்வையே மூழ்கடித்துவிடும். தாழ்ந்து நின்றாலும் அதே கதி. இடைவெளியை அகலமாக விட்டால் காற்று உள்ளே புகும். குறுகலாக விட்டால் ஒரு தூசி விழுந்து துண்டைப் பிடித்துக்கொள்ளும். காற்றுச் சுரங்கம் ஓடத் தொடங்கினால் எல்லாம் அதிரும், வெப்பநிலை மாறும். இத்தனைக்கும் நடுவில் அளக்க வேண்டியதோ மில்லிகிராம் கணக்கான விசை. நகரும் துண்டு என்ற யோசனை முழுவதும் புதியது அல்ல. மெதுவான ஓட்டங்களில் ஜெர்மனியில் முன்பே முயன்றிருக்கிறார்கள். ஒலியின் வேகத்தை ஒட்டியும் அதைத் தாண்டியும் நம்பத்தக்க அளவு எடுத்ததுதான் தவானின் சாதனை. 1951 இல் அவருக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. அந்த ஆய்வு அமெரிக்க விமானவியல் ஆலோசனைக் குழுவின் அறிக்கையாக 1953 இல் வெளிவந்தது. பிளாசியஸ் என்ற மாணவர் காகிதத்தில் போட்ட கணக்கை, நாற்பது ஆண்டுகள் கழித்துத் தவான் என்ற மாணவர் தராசில் வைத்துப் பார்த்தார் எனலாம்.

அறிவியல் நாளில் கேட்ட அந்த மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலில் பாதி இதுதான். பட்டப்படிப்பில் சூத்திரங்களைப் பயன்படுத்தக் கற்கிறோம். மேற்படிப்பில், அந்தச் சூத்திரம் எங்கே பிறந்தது, எந்த இடத்தில் அது பொய்யாகிவிடும் என்று பார்க்கிறோம். விமானம் பறக்கிறது, சரி. அதன் தோலின் மீது ஒரு மில்லிமீட்டருக்குள் நடப்பதை முழுவதும் கணக்கிட்டுச் சொல்ல இன்றுவரை எவராலும் முடியவில்லை.

வாத்தியார் இல்லாத வகுப்பு

மறுபாதி பதிலுக்குப் பெங்களூர் வருவோம். தவான் 1951 இல் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே விமானப் பொறியியல் துறை 1942 இல் தொடங்கப்பட்டிருந்தது. ஒலியை மிஞ்சும் வேகத்தில் காற்று ஓடும் சுரங்கம் அப்போது நம் நாட்டில் கிடையாது. தவானும் அவருடைய சகாக்களும் ஒன்றைக் கட்டினார்கள். சோதனை நடக்கும் பகுதியின் அளவு என்ன தெரியுமா? ஓர் அங்குலத்துக்கு மூன்று அங்குலம்! தீப்பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் காற்று ஒலியை முந்தி ஓடியது.

அந்தத் துறைக்கு 1953 இல் படிக்க வந்தவர் ரொத்தம் நரசிம்மா. பெங்களூரிலேயே இயந்திரப் பொறியியல் முடித்த இருபது வயது இளைஞர். அவருக்குக் கிடைத்த பிரச்சினையைப் புரிந்துகொள்ள ஓர் ஊதுபத்தி போதும். காற்று அசையாத அறையில் கொளுத்தி வையுங்கள். புகை கொஞ்ச தூரம் கோடு போட்டதுபோல் நேராக எழும்பும். பிறகு திடீரென்று குலைந்து சுருள் சுருளாகிவிடும். முதலாவது வரிச்சீர் ஓட்டம். இரண்டாவது கொந்தளிப்பு ஓட்டம். விமான இறக்கையின் எல்லைப் படலத்திலும் இதே மாற்றம் நிகழ்கிறது. கொந்தளித்துவிட்டால் உராய்வு பல மடங்கு கூடிவிடும். ஆகவே மாற்றம் எங்கே, எப்படி நடக்கிறது என்பது பணம் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட.

மாற்றம் ஒரே கோட்டில் பட்டென்று நடப்பதில்லை. ஆசிரியர் வெளியே போனதும் வகுப்பு எப்படிச் சத்தமாகிறது? முதலில் ஒரு பெஞ்சில் இருவர் பேசுவார்கள். இன்னொரு மூலையில் நால்வர். அந்தக் கொத்துகள் பெருகி ஒன்றோடொன்று கலந்து வகுப்பே இரைச்சலாகிவிடும். எல்லைப் படலத்திலும் அப்படியே: அமைதியான ஓட்டத்தின் நடுவே சிறு கொந்தளிப்புத் திட்டுகள் பிறந்து, ஓட்டத்தோடு நகர்ந்துகொண்டே வளர்ந்து, ஒன்று சேர்கின்றன. ஓரிடத்தில் அளவுகருவியை வைத்தால், சிறிது நேரம் அமைதி, சிறிது நேரம் கொந்தளிப்பு என்று மாறி மாறிக் காட்டும். மொத்த நேரத்தில் கொந்தளிப்பு எவ்வளவு பங்கு? அந்தப் பங்கு ஓட்டத்தின் திசையில் எப்படிக் கூடுகிறது? திட்டுகள் அங்கங்கே தாறுமாறாகப் பிறக்கவில்லை, ஏறத்தாழ ஒரே தூரத்தில்தான் பிறக்கின்றன என்று வைத்துக்கொண்டால் அளவுகளெல்லாம் ஒரே வளைகோட்டில் அழகாக உட்காருகின்றன என்பதை நரசிம்மா கண்டார். 1957 இல் அது வெளிவந்தது. அப்போது அவருக்கு 24 வயது. மறு ஆண்டு தவானும் அவரும் சேர்ந்து எழுதிய விரிவான கட்டுரை, பாய்ம இயக்கவியலுக்கென்றே உள்ள புகழ்பெற்ற ஆங்கிலச் சஞ்சிகையில் வந்தது. ஜெட் எஞ்சினின் டர்பைன் இதழ்களில் உராய்வையும் வெப்பத்தையும் கணக்கிடுகிறவர்கள் பின்னர் அதைப் பயன்படுத்தினார்கள். நரசிம்மா அதன் பிறகே கலிபோர்னியாவுக்குப் போய், அதே லீப்மனிடம் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார்.

சரி, இந்தப் பாதையில் போக வேண்டுமானால்? இப்போது பள்ளியில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்வது: கணிதத்தை விடாதீர்கள், குறிப்பாக நுண்கணிதத்தை. இயற்பியல் புத்தகத்தில் பாய்மங்கள் பற்றிய பாடத்தை, 'தேர்வுக்கு இரண்டு கேள்விதான் வரும்' என்று தள்ளிவிடாதீர்கள். பொறியியல் பட்டம் பெற்றபின் 'கேட்' என்னும் தேசியத் தேர்வு எழுதி, பெங்களூர் விஞ்ஞானக் கழகத்திலோ சென்னை, மும்பை, கான்பூர், கரக்பூர் ஐ.ஐ.டி.க்களிலோ இரண்டாண்டு எம்.டெக். சேரலாம். விமானப் பொறியியலுக்கென்றே அத்தேர்வில் தனித் தாள் உண்டு. இயந்திரப் பொறியியல் படித்தவர்களும் இப்பக்கம் வருகிறார்கள். இயற்பியல், கணித முதுகலைப் பட்டதாரிகளையும் சில இடங்களில் ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். இது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. சென்னைக் குரோம்பேட்டையில் 1949 இல் தொடங்கிய எம்.ஐ.டி., அறிவியல் பட்டதாரிகளைச் சேர்த்துப் பொறியாளராக்கத்தான் பிறந்தது. திருச்சியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்த கலாம் விமானப் பொறியியல் படித்தது அங்கேதான். சேர்க்கை விதிகள் அடிக்கடி மாறுபவை. ஆகவே பக்கத்து வீட்டு மாமா சொல்வதை நம்பாமல், அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பை நீங்களே படித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். என்னிடம் இயற்பியல் படித்த ஒருவன் இப்போது ஓர் ஆய்வுக்கூடத்தில் எல்லைப் படலத்தைப் பற்றித்தான் பிஎச்.டி. செய்கிறான். நெசவாளர் வீட்டுப் பிள்ளை. சென்ற ஆடி மாதம் ஒரு நாள் இரவு போன் செய்தான். "சார், எட்டு மாதமாக ஓர் அளவும் சரியாக வரவில்லை. தகட்டில் எங்கே கொந்தளிப்பு தொடங்க வேண்டுமோ, அதற்கு வெகு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. தகட்டை மூன்று முறை மாற்றிவிட்டேன். ஒரு கம்பெனியில் வேலைக்கு வரச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். அப்பா, உன் வயதுப் பிள்ளைகள் எல்லாம் சம்பாதிக்கிறார்கள் என்கிறார்" என்றான்.

வேலையை விடு என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அவன் வீட்டு அடுப்பைப் பற்றி அவனுக்குத்தான் தெரியும். அதனால் வேலையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "தகட்டை மாற்றினாய். தகட்டுக்கு முன்னால் என்ன இருக்கிறது?" என்று மட்டும் கேட்டேன். காற்றுச் சுரங்கத்தின் வாய்ப்பக்கம் மெல்லிய கம்பி வலைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்தியிருப்பார்கள். உள்ளே வரும் காற்றின் சிறு குழப்பங்களை அவை தணித்து அனுப்பும். "வலைதான் சார்" என்றான். கடைசியாக எப்போது கழற்றிப் பார்த்தார்கள் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு படம் அனுப்பினான். கழற்றி வைத்த வலை; அதன் கண்களில் பாதி தூசியால் அடைத்துக் கிடந்தது. தணிக்க வேண்டிய வலையே காற்றைக் கலைத்து அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அவனும் இன்னொரு மாணவனும் ஐந்து வலைகளையும் சோப்புத் தண்ணீரில் அலசி மொட்டை மாடியில் காயவைத்தார்களாம். மாட்டி ஓட்டிப் பார்த்ததில், கொந்தளிப்பு தொடங்கும் இடம் ஒரு சாண் பின்னால் போய்விட்டது. கூடவே அந்த வரைபடமும் வந்தது. புள்ளிகள் இன்னும் வளைகோட்டின் மீது சரியாக உட்காரவில்லை. கீழ்ப்பகுதியில் நாலைந்து புள்ளிகள் விலகி நிற்கின்றன. ஏன் என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அப்பாவிடம் இன்னும் ஆறு மாதம் கேட்டிருக்கிறானாம்.